வன்னியில் மலைக்கோட்டை இருக்கிறதா? மாரிக்குள் ஒருநாள் நடைக்கு எங்கே போகலாம்?

கேள்வி இதுதான். சென்னையில் படிக்கிற வவுனியாத் தம்பி ஒருவர் போன வருடம் மழைக்குள் நண்பர்களோடு செஞ்சிக்குப் போய் ராஜகிரி உச்சிவரை ஏறி இறங்கியிருக்கிறார். இந்த மார்கழியில் அதே கூட்டத்தில் ஆறு பேர் வவுனியாவுக்கு வருகிறார்களாம். "செஞ்சி மாதிரி, காலையில் ஏறிப் பின்னேரம் இறங்கக்கூடிய பழைய மலைக்கோட்டை எங்கள் வன்னியில் இருக்கிறதா?" என்று கேட்கிறார்.

இல்லை தம்பி. வன்னிக்குள் மதில் எழுப்பிய மலைக்கோட்டை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் உங்கள் ஆறு பேருக்கும் ஒருநாள் முழுக்க நடந்து, நனைந்து, பழைய கோட்டை ஒன்றையும் பார்த்துவிட்டு வர இடம் இருக்கிறது. அதற்கு முதல், ஏன் மலைக்கோட்டை இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது தெரியாமல் வந்தால் செஞ்சியை மனதில் வைத்துக்கொண்டு வன்னியைப் பார்த்து ஏமாந்து போவீர்கள். தெரிந்து வந்தால் பஸ் யன்னலுக்கு வெளியிலேயே கோட்டை தெரியத் தொடங்கும்.

நம் பழைய ஆட்கள் அரணை நாலாகப் பிரித்தார்கள்: நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண். செஞ்சிக்கு மலை வாய்த்தது. அதன்மேல் மதிலும் வாசலும் களஞ்சியமும் கட்டினார்கள். வன்னிக்கு வாய்த்தது காடும் நீரும். பனங்காமம், முள்ளியவளை, மேல்பற்று, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்று பிரிந்து கிடந்த வன்னிமைகளை ஆண்ட குறுநிலத் தலைவர்களான வன்னியர்களுக்குக் கல் அடுக்கி மதில் கட்டத் தேவை வரவில்லை. எதிரி வந்தால் காட்டுக்குள் விலகினார்கள். மாரியில் பாதையே தண்ணீருக்குள் போய்விடும். மிச்சத்தைக் காய்ச்சல் பார்த்துக்கொள்ளும். 'அடங்காப்பற்று' என்று இந்த நிலத்துக்குப் பெயர் வந்தது அதனால்தான்.

இப்போது ஒரு வரைபடத்தை எடுத்து வட மாகாணத்துக் கோட்டைகளைப் புள்ளி வைத்துப் பாருங்கள். மேற்கே மன்னார், அதற்குத் தெற்கே அரிப்பு, வடக்கே பூநகரி, அங்கிருந்து ஆனையிறவு, கிழக்கே முல்லைத்தீவு. எல்லாம் கரையோரம். எல்லாம் போர்த்துக்கேயரோ ஒல்லாந்தரோ கட்டியவை. புள்ளிகளை இணைத்தால் வன்னியைச் சுற்றி ஒரு வளையம் வரும். நடுவில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அந்த வெறுமைதான் வன்னியின் கோட்டை. இரண்டு அரசுகளும் வன்னியர்களிடம் யானையைத் திறையாக வாங்கின. அந்த யானைகளைச் சாய்த்துக்கொண்டு போய்க் கடந்த இடம்தான் ஆனையிறவு. திறை வாங்கினார்களே தவிர, உள்ளே வந்து ஆள நெடுங்காலம் அவர்களால் முடியவில்லை. ஒல்லாந்தர் வன்னியை நேரடியாகத் தங்கள் கைக்குள் கொண்டுவரப் படை அனுப்பியது 1780களில்தான். அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் அவர்களே இலங்கையை விட்டுப் போகவேண்டி வந்துவிட்டது.

படி ஏறித்தான் ஆகவேண்டும் என்று உங்கள் நண்பர்கள் அடம்பிடித்தால் யாப்பகூவாவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வவுனியாவில் ரயில் எடுத்தால் மாகோவில் இறங்கலாம். 13ஆம் நூற்றாண்டில் தலைநகராக இருந்த பாறைக்கோட்டை அது. பாண்டியப் படையோடு வந்து அதை வீழ்த்தியவன் ஆரியச்சக்கரவர்த்தி என்ற தளபதி. பின்னர் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்களின் பெயரும் அதுவே. நல்ல இடம்தான். ஆனால் அது குருநாகல் மாவட்டம். நீங்கள் கேட்டது எங்கள் வன்னியை.

வன்னியில் 'மலை' என்று பெயர் உள்ள இடங்கள் நிறைய உண்டு. அவை மலைத்தொடர்கள் அல்ல. காட்டுக்கு நடுவே யானை முதுகு போலக் கிடக்கும் பாறைகள். மிகமிகப் பழைய பாறை. புவிச்சரிதவியலாளர்கள் இலங்கையின் ஆதிப் பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்கு 'வன்னித் தொகுதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வடக்கேயும் கரையோரமாகவும் போகப் போக அது சுண்ணாம்புக் கல்லுக்கும் மணலுக்கும் அடியில் மறைந்துவிடும். இந்தப் பாறைகளில் அரசர்கள் கோட்டை கட்டவில்லை. ஆனால் துறவிகள் இருந்திருக்கிறார்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்தில் பாறைக் குகைகளும் பிராமிக் கல்வெட்டுகளும் உண்டு. அவற்றில் ஒன்று 'தமெட வணிஜ' விசாகன், அதாவது தமிழ் வணிகன் விசாகன், கொடுத்த குகை என்கிறது. கிறிஸ்துவுக்கு முந்திய நூற்றாண்டுகளின் எழுத்து. குகையின் நெற்றியில் ஒரு கீறல் வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறையைத் தொற்றிக்கொண்டு உள்ளே வராமல் அந்த வெட்டில் அறுந்து விழும். கோடையில் போனால் அது வெறும் கோடு. மாரியில் நின்று பார்த்தால்தான் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய கல்தச்சன் செய்த வேலை தெரியும்: வெளியே நீர் முத்துமுத்தாகத் தொங்க, உள்ளே தரை காய்ந்து கிடக்கும்.

ஆனாலும் மாரிக்குள் பாறை ஏறும் திட்டம் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் இரண்டு. கோடையில் கறுப்பாகக் காய்ந்திருக்கும் பாறைத்தோல் நாலு நாள் மழைக்குப் பிறகு எண்ணெய் பூசியது போல ஆகிவிடும். சப்பாத்து எவ்வளவு விலை என்றாலும் பிடிக்காது. ஏறிவிடலாம், இறங்கும்போதுதான் ஆள் சறுக்குவான். மற்றது, வெடுக்குநாறிமலை, குருந்தூர்மலை போன்ற இடங்கள் வழிபாட்டு உரிமைக்காகவும் தொல்லியல் எல்லைக்காகவும் வழக்கு நடந்த இடங்கள். அந்தச் சனங்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. அங்கே போவதானால் ஊர் ஆட்களிடம் கேட்டு, கும்பிடப் போங்கள். படம் எடுக்கவும் பொழுது போக்கவும் ஆறு பேர் மழைச்சட்டையோடு போய் ஏறுகிற இடமல்ல அது.

சரி, எங்கே போகலாம்? என் பதில் பூநகரி.

நான் கிளிநொச்சியில் இருபது வருடத்துக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கிறேன். பூநகரிக்குப் பாடசாலைப் பிள்ளைகளோடும் போயிருக்கிறேன், நண்பர்களோடும் போயிருக்கிறேன். மனதில் நிற்பது ஒரு மார்கழிப் பயணம். தாழமுக்கம் ஒன்று கரையைக் கடந்து மூன்றாம் நாள். ஐந்து பேர், மூன்று மோட்டார் சைக்கிள். விடிய ஆறு மணிக்குக் கிளிநொச்சியில் வெளிக்கிட்டு, பரந்தன் சந்தியில் பிளேன்டீ குடித்துவிட்டு மேற்கே திரும்பினோம். அங்கிருந்து பூநகரி இருபத்தைந்து கிலோமீற்றருக்குக் கிட்ட. வீதி மட்டும் மேடு. இரண்டு பக்கமும் வயலும் தரவையும் தண்ணீருமாக ஒரே மட்டத்தில் கிடந்தன. வானம் தரையில் கிடக்கிறது என்று பின்னால் இருந்த சிநேகிதி சொன்னாள். பூநகரி மண் மொட்டைக்கறுப்பன் நெல்லுக்குப் பேர்போனது. மழையை மட்டும் நம்பி விதைக்கிற சிவப்பரிசி. மார்கழியில் அந்தப் பயிர் முழங்கால் தாண்டி வளர்ந்து, வாடைக்காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்து நிமிரும். வெய்யில் காலத்தில் இந்த வீதியில் வருகிறவர்கள் வெறும் புழுதியைத்தான் பார்ப்பார்கள்.

கோட்டை வாடியடிச் சந்திக்குக் கிட்டவே இருக்கிறது. செஞ்சி பார்த்த கண்ணுக்கு மிகச் சின்னது. அதை முன்கூட்டியே நண்பர்களுக்குச் சொல்லிவையுங்கள். சதுரம். ஒரு பக்கம் ஏறத்தாழ 30 மீற்றர். எதிரெதிர் மூலைகள் இரண்டில் மட்டும் கொத்தளம். போர்த்துக்கேயர் யாழ்ப்பாணப் பக்கத்தைக் காக்கக் கட்டியது. பிறகு ஒல்லாந்தர் கைக்கு வந்து 1770இல் திருத்திப் பலப்படுத்தப்பட்டது. 1805இல் ஆங்கிலேயர் அதற்குள் ஒரு வாடிவீடு (பயணிகள் தங்கும் விடுதி) கட்டினார்கள். அதுவும் இப்போது இடிந்து கிடக்கிறது. இவ்வளவு சின்னக் கோட்டைக்கு ஏன் இத்தனை பேர் மினக்கெட்டார்கள் என்று கேட்டால், மறுபடி வரைபடத்தைத்தான் பார்க்கவேண்டும். தெற்கே மன்னாரில் இருந்து வரும் பாதையும், வன்னிக்குள் இருந்து வரும் பாதையும், யாழ்ப்பாணத்துக்குக் கடல்நீரேரியைக் கடக்கும் துறையும் இங்கேதான் முடிச்சுப் போடுகின்றன. நம் காலத்துப் போரிலும் அதே முடிச்சுக்குத்தான் அடிபட்டார்கள்: 1993 கார்த்திகையில் பெரிய சண்டை, 2008 கார்த்திகையில் இராணுவம் பிடித்தது. இரண்டும் மாரிக்குள். 2011 தை மாதம் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபோது அந்தப் பழைய துறை பாலமாகிவிட்டது, 288 மீற்றர். அதற்கு முன் பாதைப் படகுதான்.

மதிலுக்குக் கிட்டப் போய் நில்லுங்கள். முருகைக்கல்லும் (பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புக் கல்லும் சாந்தும். பூச்சு உரிந்த இடங்களில் முருகைக்கல்லின் வரி தெரியும், மூளையைக் குறுக்கே வெட்டியது போல. வெய்யிலில் அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். மழையில் நனைந்ததும் ஒவ்வொரு வரியும் கறுத்து எடுப்பாகிவிடும். ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் உயிரோடு இருந்த பொருள் அது என்பது அப்போதுதான் நெஞ்சில் படும். கொத்தளத்துப் பக்கச் சுவரில் துப்பாக்கிச் சன்னம் துளைத்த குழிகள் நிறைய. நெஞ்சு உயரத்தில் இருந்த ஒரு குழியில் மழைத்தண்ணீர் தேங்கி நின்றது. அதற்குள் சுண்டுவிரல் நகமளவில் ஒரு தவளைக்குஞ்சு. கூட வந்தவன் விரலைக் கிட்டக் கொண்டுபோனான், பிறகு எடுத்துவிட்டான். அவன் வீட்டில் அந்தச் சண்டைகளில் போனவர்கள் இருக்கிறார்கள். கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. நானூறு வருடத்துக் கல், முப்பது வருடத்துக் குழி, மூன்று நாள் தண்ணீர். செஞ்சியில் எனக்குக் கிடைக்காத ஒன்று அந்தச் சுவரில் கிடைத்தது.

மதிலில் ஏறவேண்டாம். பாதுகாக்கப்பட்ட தொல்பொருட் சின்னம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. பழைய சுண்ணாம்புச் சாந்து மழையில் ஊறி இளகியிருக்கும். உங்கள் ஒரு காலடிக்கு ஒரு கல் கழன்று வரும். திருப்பி வைக்க ஆளில்லை.

கோட்டையை ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். நடை அதற்குப் பிறகுதான். அங்கிருந்து கௌதாரிமுனைப் பக்கம் போங்கள். பூநகரித் தரைமுனை கடல்நீரேரிக்குள் நீண்டு போகும் பகுதி அது. முனையை நெருங்கும் இடம் மண்ணித்தலை. முழுத் தூரத்தையும் கால்நடையாகப் போனால் பொழுது காணாது. வாகனத்தில் போகக்கூடிய மட்டும் போய், கடைசி நாலைந்து கிலோமீற்றரை நடந்து போங்கள். ஒரு பக்கம் மணல்மேடு, மறுபக்கம் அலையில்லாத பரவைக்கடல், இடையில் பனையும் ஈச்சம் பற்றையும்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. மணல் நனைந்தால் இறுகும். கோடையில் கணுக்கால் புதைகிற மேட்டில் மாரியில் செருப்போடு ஏறிவிடலாம். உவர்த்தரை அதற்கு நேரெதிர். காய்ந்திருக்கும்போது சீமெந்து நிலம் போல இருப்பது, நனைந்ததும் காலைப் பிடித்து இழுக்கும். மோட்டார் சைக்கிள் ரயர் இரண்டு உருளலில் களியால் மூடி நின்றுவிடும். நேர்வழி என்று உவருக்குள் இறங்காமல், சுற்று என்றாலும் மணலைப் பிடித்து நடங்கள். கௌதாரிமுனைக் கடற்றொழிலாளர்கள் எந்தத் தடத்தில் போகிறார்களோ அந்தத் தடத்தை விடாதீர்கள்.

மண்ணித்தலையில் ஒரு சிவன் கோயில் இருக்கிறது. சின்னது, பழையது. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் பூநகரிப் பிரதேசத்தை ஊர் ஊராக நடந்து ஆய்ந்தவர். அவர் இந்தக் கோயிலைச் சோழர் காலக் கட்டடக் கலையோடு சேர்த்துப் பேசுகிறார். பெருங்கற்காலத்து மட்பாண்டங்களும் எழுத்துப் பொறித்த ஓடுகளும் இந்தப் பூநகரி மண்ணில் இருந்து அவருக்குக் கிடைத்தன. ஒல்லாந்தருக்கு எவ்வளவோ முந்தியே இந்த முனையில் ஊர் இருந்தது, கடல் வணிகம் இருந்தது. நாங்கள் கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒரு பாட்டம் மழை அடித்து ஓய்ந்தது. எதிர்க்கரையில் யாழ்ப்பாணத்துப் பனைகள் சாம்பல் கோடாகத் தெரிந்தன. பூவரசம் இலையில் ஒடுக்கி வைத்திருந்த கட்டுச்சோற்றை அங்கே அவிழ்த்தோம். புளியும் மிளகாயும் நல்லெண்ணெய்யும் ஊறிய சோற்றை நனைந்த கையால் பிசைந்து சாப்பிட்ட ருசிக்கு ஈடாக எந்தக் கடைச் சாப்பாட்டையும் நான் சொல்லமாட்டேன். மார்கழி கடைசியில் போனால் பூநாரைக் கூட்டமும் கண்ணில் படலாம். தூரத்தில் வெள்ளைத் துணி காயப்போட்டது போல இருக்கும்; பறக்கும்போதுதான் இறக்கைக்குள் இருக்கும் சிவப்புத் தெரியும்.

காடுதான் பார்க்கவேண்டும் என்றால் மற்றப் பக்கம் இருக்கிறது: மாங்குளத்தில் கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான், அங்கிருந்து புதுக்குடியிருப்புப் பக்கம் போகும் வீதியில் கற்சிலைமடு. ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். 1803 ஆவணியில் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி ஆங்கிலப் படையை விரட்டினான். மன்னார், யாழ்ப்பாணம், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் படை திரட்டித்தான் அவனை மடக்கினார்கள். கற்சிலைமடுவில் நட்ட கல்லில் இருந்தது ஆங்கிலத்தில் ஒரே வசனம்: இவ்விடத்துக்கு அண்மையில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்ரோபர் 31. தங்கள் வெற்றிக்கு அவர்கள் நட்ட கல்; சனம் அதைத் தன் வீரனின் கல்லாக எடுத்துக்கொண்டு இன்றுவரை நினைவு வைத்திருக்கிறது. அந்த முல்லைத்தீவுக் கோட்டையைத் தேடிப் போனால் இன்று பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. வழியெங்கும் பாலை, முதிரை, வீரை மரங்கள்தான் நிற்கின்றன. நான் முதலில் சொன்ன காட்டரண் அதுதான். கார்த்திகையில் போனால் பற்றைகளின்மேல் கார்த்திகைப்பூ தீக்கொழுந்தாக ஏறி நிற்கும். பார்க்கலாம், கிழங்கு கடும் நஞ்சு, கிண்டவேண்டாம்.

இந்தக் காட்டுப் பக்கப் பயணத்தில்தான் நான் ஒருமுறை பெரிய பிழை விட்டேன். காலையில் ஒரு சப்பாத்துப் பாலத்தை, அதாவது ஆற்று மட்டத்தோடு தாழ்வாகப் போட்ட பாலத்தைக் கடந்தோம். தண்ணீர் கணுக்காலுக்கு ஓடியது. பகல் முழுக்க ஒரு துளி மழை இல்லை, நல்ல வெய்யில். பின்னேரம் நாலு மணிக்குத் திரும்பி வந்தால் அதே பாலத்தின்மேல் தண்ணீர் தொடைக்கு மேல், செம்மண் நிறத்தில், சத்தம் போடாமல் ஓடுகிறது. புவியியல் படிப்பிக்கிற எனக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். வன்னி ஆறுகள் சிறியவை, ஆனால் ஒவ்வொன்றும் மேலே ஒரு குளத்தொடரோடு கட்டப்பட்டவை. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில் தொடங்கி வடக்கே இரணைமடுவுக்கு வருகிறது. பேராறு கிழக்கே நந்திக்கடலுக்கு. பாலியாறும் பறங்கியாறும் மேற்கே. மேலே இரவு பெய்த மழை முதலில் சின்னக் குளங்களை நிரப்பும். அவை வான் பாய (நிரம்பி வழிய) தொடங்கிய பிறகுதான் கீழே வரும். அதற்கு அரைநாள் எடுக்கும். உங்கள் தலைக்குமேல் வெய்யில் எறிக்கும்போதுதான் வெள்ளம் உங்களிடம் வந்து சேரும். 2018 மார்கழி 21 இரவு படுத்த கிளிநொச்சி, முல்லைத்தீவுச் சனங்கள் பலர் விடியும்போது தண்ணீருக்குள் எழும்பியது இந்தக் கணக்கால்தான்.

கூட வந்த இரண்டு பேர் "பிடித்துக்கொண்டு நடந்தால் கடந்துவிடலாம்" என்றார்கள். நான் ஒரு தடியை ஊன்றிப் பார்த்தேன். தடியைச் சுற்றித் தண்ணீர் குழிந்து ஓடியது. பாலத்தின் விளிம்பு எது, ஆறு எது என்று தெரியவில்லை. திரும்பிவிட்டோம். லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில்) வந்த ஒரு ஐயா எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவர் வீட்டு அம்மா பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தர, திண்ணையில் பாய் போட்டு விட்டார். விடிய ஐந்தரைக்கு அவரே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "தண்ணி இறங்கீட்டுது, இனிப் போங்கோ" என்றார். அன்று முதல் எனக்கு ஒரு பழக்கம்: மாரியில் எந்தச் சப்பாத்துப் பாலத்தைக் கடந்தாலும் நின்று, கரையில் ஒரு குச்சியை நட்டு மட்டம் குறித்துவிட்டு, எதிர்ப்படுகிற ஊர்க்காரரிடம் "மேல் குளம் வான் பாயுதோ?" என்று கேட்பேன். பாய்கிறது என்றால் அந்தப் பக்கம் போவதில்லை. பூநகரிப் பாதையை உங்களுக்கு முதலில் சொன்னதற்கும் இதுவே காரணம். வந்த வீதி அடைபட்டாலும் சங்குப்பிட்டியால் யாழ்ப்பாணத்துக்கு ஒரு வழி இருக்கும்.

மிதிவெடியைப் பற்றிச் சென்னை நண்பர்களுக்கு நீங்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். இராணுவமும் ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் போன்ற அமைப்புகளும் வருடக்கணக்காக அகற்றி வருகின்றன. ஆனாலும் பழைய போர்முனைகளில் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளை இன்னும் காண்பீர்கள். மழை மண்ணை அரித்துப் புதைந்ததை வெளியே கொண்டுவரும், பள்ளத்துக்கு உருட்டியும் விடும். அதனால் பலகை இல்லாத இடம் என்றாலும் ஆள் நடந்த தடத்தை விட்டு விலகக்கூடாது. சலம் கழிக்கப் பற்றைக்குள் இறங்குவதும் இதில் சேரும். பழைய இரும்பு, போத்தல், பச்சை பிளாஸ்ரிக் மூடி எது கிடந்தாலும் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு பொலிசுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் யானை உண்டு. மழைச் சத்தத்தில் அது வருவது நமக்குக் கேட்காது, நாம் வருவது அதற்கும் கேட்காது. மார்கழியில் ஆறு மணியோடு பொழுது பட்டுவிடும். நாலு மணிக்கு எங்கே நின்றாலும் திரும்பத் தொடங்குங்கள். வெள்ளம் வந்தால் பாம்புகள் மேட்டுக்கு வரும். நீங்கள் உட்காரத் தேடுவதும் மேடுதான். உட்காரமுதல் தடியால் தட்டுங்கள். வயல் தண்ணீரில் நடக்கவேண்டி வந்தால் எலிக்காய்ச்சலை நினைவில் வையுங்கள். காலில் புண் இருப்பவர் இறங்கவே வேண்டாம். போவதற்கு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தடுப்பு மாத்திரை உங்களுக்குத் தேவையா என்று சொல்வார்கள். வந்தபின் இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வெள்ளத்தில் நடந்ததை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.

எடுத்துப் போவது அதிகம் இல்லை. குடை காற்றுக்கு நிற்காது, மழைச்சட்டை நல்லது. ஒரு துவாய், மாற்று உடுப்பு ஒரு சோடி, இரண்டையும் பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள். தடிப்பான ஜீன்ஸ் நனைந்தால் கல்லாகக் கனக்கும். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கௌதாரிமுனையில் நல்ல தண்ணீர் அங்குள்ளவர்களுக்கே கஷ்டம், அதில் நாம் பங்கு கேட்கக்கூடாது.

எந்த நாள் போவது என்று தெரிவுசெய்வதுதான் கடைசி வேலை. மாதம் பார்த்து முன்கூட்டியே திகதி குறிக்காதீர்கள். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகியிருக்கிறது என்றால் அது கரையேறிப் போகட்டும்; பிறகு இரண்டு நாள் விடுங்கள். மூன்றாம் நாள் காலையில் வானம் கழுவிய மாதிரி இருக்கும், காற்று வாடையாக இருக்கும், மழை வந்தாலும் பாட்டம் பாட்டமாக வந்து போகும். அன்றைக்கு வெளிக்கிடுங்கள். பரந்தன் சந்தியைத் தாண்டி மேற்கே திரும்பியதும் பஸ்ஸில் இடது பக்கம் இருப்பவரை நித்திரை கொள்ள விடாதீர்கள்.